ஒட்டிக்கொண்டு வாழ்வது எப்படி?

தென்னையில் வெள்ளை ஈ, காக்கைக் கூட்டில் குயில், மாமரத்தில் புல்லுருவி, கணவாய் தாண்டி வரும் வாடல் நோய்... தென்காசி, குற்றாலம் அடிவாரத்திலிருந்து ஒரு சிறப்புப் பார்வை

சித்திரை மாதத்து நண்பகல். சாரல் விழ இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. பேரருவிப் பாறை வெளுத்துக் கிடக்கிறது. இலஞ்சியைத் தாண்டிச் செங்கோட்டைப் பக்கம் போனால் தென்னந்தோப்புகள்தான் நிழல். உள்ளே நுழைந்து நிமிர்ந்து பார்த்தால் கீழ்மட்டை ஓலைகள் கரி அப்பிக் கறுத்திருக்கின்றன. ஊடுபயிராக நிற்கும் வாழையின் இலையிலும் அதே கரி. தொட்டால் விரல் பிசுபிசுக்கிறது. ஓலையைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க வெள்ளை மெழுகுப் பொடியில் சுருள் சுருளாகக் கோடுகள். கையை அசைத்ததும் ஒரு வெள்ளைக் கூட்டம் எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

பூச்சிமருந்துக் கடையில் இந்தப் பருவத்தில் நடக்கும் பேச்சு அநேகமாக ஒரே மாதிரிதான்.

“அண்ணாச்சி, வெள்ளை ஈக்கு நல்லா கேக்கிற மருந்தா குடுங்க.”

“போன தடவ வாங்கினது கேக்கலியா?”

“பத்து நாளு கேட்டுச்சு. அப்புறம் முன்னைய விட கூடிப்போச்சுல்லா!”

ஏன் கூடியது என்பதற்கு அதே ஓலையின் அடியில் பதில் இருக்கிறது. வெள்ளை இளம்பூச்சிகளுக்கு நடுவே சில மட்டும் கறுத்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால், கறுத்தவற்றில் சிலவற்றின் முதுகில் வட்டமாக ஒரு துளை. ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய குளவி ஒன்று அதற்குள் பிறந்து, உள்ளே இருந்ததையெல்லாம் தின்று முடித்து, துளைத்துக்கொண்டு வெளியேறிய வாசல் அது. தென்னையை உறிஞ்சுகிறது ஈ. ஈயை உள்ளிருந்து தின்கிறது குளவி. மருந்து இரண்டையும் கொன்றது. ஈ சீக்கிரம் திரும்பி வந்தது. குளவி வரவில்லை.

ஓர் உயிர் இன்னோர் உயிரை உறிஞ்சி வாழும் இந்த ஏற்பாடு தென்காசி மாவட்டத்தில் தென்னையோடு நின்றுவிடவில்லை. அதே தோப்பின் வேலியோர மாமரத்தில் புல்லுருவி தொங்குகிறது. மேலே காக்கைக் கூட்டில் குயில் முட்டை. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாடல் நோய் வந்துகொண்டிருக்கிறது. இவற்றில் சில, தோப்பையே காலி செய்யக்கூடியவை. சில, யுகயுகமாக இருந்தும் யாரையும் காலி செய்யாதவை. வித்தியாசம் பெரும்பாலும் பழக்கத்தில் இருக்கிறது. நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த இருவருக்குள் அடிதடி ஓர் அளவோடு நிற்கிறது. புதிதாக வந்து இறங்கியவர், அதிலும் தன் எதிரியைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர், அளவு பார்ப்பதில்லை. நாம் நடுவில் புகுந்து அந்த எதிரியைக் கொன்றாலும் அதே விளைவுதான்.

பெலிஸிலிருந்து பொள்ளாச்சிக்கு

சுருள் வெள்ளை ஈக்கு அறிவியல் உலகம் பெயர் வைத்ததே 2004இல்தான்; மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டில் கிடைத்ததை வைத்து அலிரோடைகஸ் ருஜியோபெர்குலேட்டஸ் என்றார்கள். 2009இல் ஃபுளோரிடா. 2016இல் பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும். அங்கிருந்து தென்னை இருக்கும் திசையெல்லாம் பரவியது. ஏதோ ஒரு நாற்றிலோ அலங்காரச் செடியிலோ ஏறி வந்திருக்க வேண்டும் என்பது ஊகம்.

இந்த ஈ தென்னையைக் கொல்வதில்லை. சாறை உறிஞ்சி, தேவைக்கு மேல் உள்ள சர்க்கரையைத் தேன்துளியாகக் கழிக்கிறது. அது கீழ் ஓலையில் சொட்டுகிறது. அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. வெயில் படவேண்டிய பச்சையைக் கரி மூடிவிடுவதால் மரம் சோர்கிறது, காய்ப்பு குறைகிறது. கறுத்த ஓலையில் கீற்று முடைபவர்களுக்குக் கை கறுக்கிறது. அந்தக் கீற்றை வாங்குபவர்களும் யோசிக்கிறார்கள். தோப்புக்கு அடியில் வாழை, கொய்யா என்று ஊடுபயிர் வைத்தவர்களுக்கு இரட்டைத் தலைவலி. இந்த ஈ நூற்றுக்கும் மேற்பட்ட செடி மரங்களில் உட்காரும்.

நல்ல வேளையாக, எதிரியும் இங்கே இருந்தது. யாரும் இந்த ஈக்கென்று இறக்குமதி செய்யாமலே என்கார்சியா குவாடலூபே என்ற குளவி ஈயைத் தாக்கிக்கொண்டிருந்ததைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆய்வாளர்கள் சீக்கிரமே கவனித்தார்கள். மருந்து அடிக்காத தோப்புகளில் பாதிக்கு மேற்பட்ட இளம்பூச்சிகள் குளவி வசம் இருந்தன. அதனால்தான் வேளாண் பல்கலைக்கழகமும் காயங்குளத்தில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையமும் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: ரசாயன மருந்து அடிக்காதீர்கள். விசைப்பம்பால் ஓலையின் அடியில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள். குளவிக் கூட்டுப்புழு உள்ள ஓலைத் துண்டுகளைக் குளவி இல்லாத தோப்பில் கட்டிவிடுங்கள். வாழையும் கல்வாழையும் நடுங்கள், அவற்றின் இலையில் குளவி பெருகும். கேரளத் தோப்புகளில் இன்னொரு கூட்டாளியையும் கண்டார்கள்: லியோக்ரினஸ் நீல்கிரியானஸ் என்ற சிறு வண்டு. அது கரும்பூசணத்தையே தின்று ஓலையைச் சுத்தப்படுத்துகிறது. நம் மலைத்தொடரின் பழைய குடி அது. புது விருந்தாளியின் எச்சில் அதற்குத் தீனியாகிவிட்டது.

ஆனால் யோசனை எளிது, ஊர் ஒத்துவருவது கடினம். குளவிக்குத் தோப்பின் எல்லைக்கல் தெரியாது. ஒருவர் ஆறு மாதம் பொறுமையாக இருந்து குளவியைப் பெருக்குவார். பக்கத்துத் தோப்பில் குத்தகைக்காரர் மருந்தடிப்பார். காற்றில் மருந்தும் வரும், அங்கிருந்து தப்பிய ஈயும் வரும். குத்தகைக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு இந்த வெட்டில் காய் வேண்டும். குளவியின் கணக்கு பருவம் கடந்து ஓடுகிறது. என் பார்வையில், மானியத்தில் மருந்து கொடுக்கும் வேகத்தில் பாதியாவது ஊர் ஊராகக் குளவி வளர்ப்பதில் காட்டியிருந்தால் இந்த ஈ இன்று தலைப்புச் செய்தியாக இருந்திருக்காது.

அதற்கு முன்னுதாரணமும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2008இல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. இரண்டே ஆண்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று கொங்கு மண்டலத்தை வெள்ளையடித்தது. அடித்த மருந்துக்கு அளவில்லை. பட்டுப்புழுக்காரர்கள் பாடு இன்னும் மோசம். மருந்து பட்ட மல்பெரி இலையைப் புழுவுக்குப் போட முடியாது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே உள்ளிட்ட மூன்று குளவி வகைகள் பெங்களூருக்கு வந்தன. அங்கே சோதித்து, பெருக்கி, அந்த ஆண்டு இறுதியில் தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இன்றும் அது இருக்கிறது, குளவியும் இருக்கிறது. இரண்டும் இருக்கும்வரை விவசாயிக்குத் தொந்தரவில்லை.

வெள்ளை ஈ விஷயத்தில் மட்டும் அவ்வளவு சுலபமான முடிவு வரவில்லை. 2018 டிசம்பரில் கேரளத்தில் இன்னொரு வெள்ளை ஈ, கூடு கட்டும் வகை, தென்னையில் பிடிபட்டது. சுருள் ஈ விட்டுக்கொடுக்கும் ஓலையில் அது வந்து உட்கார்கிறது. என்கார்சியா அதைத் தொடுவதில்லை.

பெட்டிச் செய்தி: குளவி வீட்டுச் சண்டை

• என்கார்சியா பேரினத்தின் பல வகைகளில் பெண் குஞ்சு வெள்ளை ஈயின் உடலில் வளர்கிறது. ஆண் குஞ்சு வளர்வதோ அப்படி வளர்ந்துகொண்டிருக்கும் தன் இனத்துப் பெண்ணின் உடலில். சகோதரியைத் தின்றுதான் சகோதரன் வெளியே வருகிறான்.

• பசுமைக்குடில்களில் உலகமெங்கும் விற்கப்படும் என்கார்சியா ஃபார்மோசா குளவியில் ஆண்களே அரிது. உடலுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா, சேராமலே பெண்ணைப் பெறும்படி செய்துவிடுகிறது. ஆணுக்குள் இருந்தால் பாக்டீரியாவுக்கு அடுத்த தலைமுறை இல்லை; முட்டை வழியாகத்தான் அது பயணிக்கிறது.

• தென்னை, ஈ, குளவி, பாக்டீரியா: ஓர் ஓலையின் அடியில் நாலு அடுக்கு.

காக்கைக்கும் தன் குஞ்சு

தோப்பில் சித்திரையில் விடாமல் கேட்கும் குரல் ஆண் குயிலுடையது. அது காதல் பாட்டு மட்டுமென்று நினைத்தால் பாதிதான் சரி. காக்கைக் கூட்டின் அருகே ஆண் குயில் தலைகாட்ட, காக்கைகள் துரத்திக்கொண்டு போக, அந்த இடைவெளியில் பெண் குயில் வந்து முட்டையிட்டுப் போய்விடும். குயில் முட்டை காக்கை முட்டையைவிடச் சிறியது. ஆனால் பச்சை சாம்பல் நிறமும் புள்ளியும் ஏறக்குறைய அதேதான். காக்கைக்குஞ்சு பொரிய 16, 17 நாளாகும். குயில்குஞ்சு இரண்டு மூன்று நாள் முந்திக்கொள்கிறது.

காக்கை முட்டாளா? கூட்டில் வேறு நிறத்து முட்டையைக் கண்டால் தூக்கி எறியும் பறவைகள் உலகில் நிறைய உண்டு. ஐரோப்பியக் குயிலின் குஞ்சு பிறந்த சூட்டோடு மற்ற முட்டைகளை முதுகால் தள்ளிக் கீழே போட்டுவிடும். அங்கே ஏமாந்தால் ஓர் ஆண்டின் சந்ததி மொத்தமும் போச்சு. அதனால் அங்கே கண்காணிப்பும் கடுமை, முட்டையின் போலியும் துல்லியம். நம் ஊர்க் குயில்குஞ்சு பெரும்பாலும் அப்படித் தள்ளுவதில்லை. காக்கைக்குஞ்சோடு சேர்ந்தே வாயைத் திறக்கிறது. காக்கைக்கு நஷ்டம் உண்டு, ஆனால் திவாலாகும் அளவுக்கு இல்லை. சந்தேகத்தில் தன் முட்டையையே எறிந்துவிடும் ஆபத்தையும் கணக்கில் சேர்த்தால், கண்டுகொள்ளாமல் இருப்பதே காக்கைக்கு லாபமாக இருக்கலாம். ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு’ என்ற பழமொழியில் எத்தனை குஞ்சு தன்னுடையது என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஸ்பெயினில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைவிட விசித்திரமானது. அங்கே புள்ளிக் குயில் ஒன்று காக்கையினத்தின் கூட்டில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சைத் தொட்டால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். பூனையும் பருந்தும் அதிகமான ஆண்டுகளில், குயில்குஞ்சு இருந்த கூடுகளில்தான் காக்கைக் குஞ்சுகள் அதிகம் பிழைத்தன. எதிரிகள் குறைந்த ஆண்டில் அதே குஞ்சு வெறும் சுமை. ஒரே விருந்தாளி, ஆண்டுக்கு ஆண்டு வேறு கணக்கு.

நம் பக்கத்துத் தவிட்டுக்குருவிகளுக்கு அக்காக்குயிலும் கொண்டைக்குயிலும் இதே வேலையைச் செய்கின்றன. குருவி முட்டை பளிச்சென்ற நீலம். விருந்தாளிகளின் முட்டையும் நீலம்.

குற்றாலம் பெயர் தாங்கிய புல்லுருவி

1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் குற்றால மலையில் செடி சேகரித்தார். அவர் காலத்திலிருந்து இந்த மலை தாவரவியலாளர்களின் வேட்டைக்காடு. மதராஸ் மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிள், இங்குள்ள ஒரு புல்லுருவிக்குக் குற்றாலத்தின் பெயரையே வைத்தார்; இன்று அது டாக்ஸில்லஸ் கோர்டலென்சிஸ். தெற்கு மேற்குத்தொடர்ச்சி மலைக்கே உரியது. குற்றாலத்தின் பெயரை உலகத் தாவரப் பட்டியலுக்குக் கொண்டுபோனவற்றில் ஓர் ஒட்டுண்ணியும் உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சம் உள்ளூர்ப் பெருமிதம்.

அடிவாரத்து மாந்தோப்பில் நாம் அன்றாடம் பார்ப்பது அதன் உறவுக்காரன், டென்ட்ரோப்தே ஃபால்கேட்டா. மா, பலா, வேம்பு, புளி என்று நானூறுக்கும் மேற்பட்ட மரவகைகளில் அது ஏறுகிறது. இலை பச்சைதான், சோறு தானே பொங்கிக்கொள்ளும். தண்ணீரையும் உப்புகளையும் மட்டும் கிளைக்குள் உறிஞ்சுவேரை இறக்கித் திருடும். பழத்தைத் தின்பது பூங்கொத்தி, நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. விதை சில நிமிடங்களில் குடலைக் கடந்துவிடும், ஆனால் பசை விடாது. பறவை பின்பக்கத்தைக் கிளையில் தேய்த்துத்தான் அதைக் கழற்றியாக வேண்டும். தேய்த்த இடத்தில் விதை முளைக்கிறது. நீலகிரியில் ஆய்வு செய்த பிரியா தவிதார் 1983இல் இன்னொன்றைக் காட்டினார். சில புல்லுருவிகளில் முதிர்ந்த மொட்டும் பழுத்த பழமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பழம் தேடி வரும் பூங்கொத்தி மொட்டையும் கொத்தித் திறந்து மகரந்தத்தைப் பூசிக்கொண்டு போகிறது. விதை பரப்பவும் மகரந்தம் சுமக்கவும் ஒரே ஆள்.

மாந்தோப்புக்காரருக்கு இதெல்லாம் ரசிக்கக்கூடியதாக இருக்காது. புல்லுருவி மண்டிய கிளை காய்ப்பதை நிறுத்தும், நாளடைவில் பட்டுப்போகும். உறிஞ்சுவேர் இறங்கிய இடத்துக்குச் சற்றுக் கீழே கிளையோடு வெட்ட வேண்டும், பழம் பழுக்குமுன் வெட்ட வேண்டும். வெறும் இலைக்கொத்தை ஒடித்துப் போட்டால் மறுபடி தளிர்க்கும். கவனிப்பாரற்ற பழைய தோப்புகளில்தான் இது அதிகம். அப்படியானால் மலைக்காட்டிலும் சேர்த்து முழுதாக ஒழித்துவிட்டால் என்ன?

ஆஸ்திரேலியாவில் அதைச் செய்தே பார்த்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் டேவிட் வாட்சன் குழு சில காட்டுத் துண்டுகளில் புல்லுருவிகளை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, மூன்று ஆண்டு கழித்துப் பறவைகளை எண்ணியது. காட்டை நம்பி வாழும் பறவை வகைகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தன. புல்லுருவிப் பழத்தைத் தொடாத பறவைகளும் போயிருந்தன. காரணம் தரையில் இருந்தது: புல்லுருவி தன் இலையைச் சத்து குறையாமலே உதிர்க்கிறது, அந்தச் சருகில் பூச்சி பெருகுகிறது, பூச்சியை நம்பிப் பறவை. நம் ஊரிலும் மஞ்சளும் சிவப்புமாகப் பறக்கும் ‘காமன் ஜெசபெல்’ வண்ணத்துப்பூச்சியின் புழு தின்பது புல்லுருவி இலையை. தோப்பில் வெட்டுங்கள். மலையில் செண்பகாதேவி அருவிக்கு மேலே இருப்பதை விட்டுவிடுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: சந்தன மரமும் ஒட்டுண்ணிதான். பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சுவதை 1871இலேயே கல்கத்தாவில் ஜான் ஸ்காட் கண்டறிந்தார். நாற்றங்காலில் சந்தனக்கன்றின் பையிலேயே துவரையும் போடுவது அதனால்தான். அதை யாரும் ஒழிக்கச் சொல்வதில்லை.

பெட்டிச் செய்தி: முயலும் கிருமியும்

• ஆஸ்திரேலியாவில் பெருகிய முயல்களை ஒழிக்க 1950இல் மிக்சோமா வைரஸைப் பரப்பினார்கள். தொடக்கத்தில் தொற்றிய முயல்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் செத்தன.

• கொசு வழியாகப் பரவும் வைரஸுக்கு, சட்டென்று சாகும் முயலால் லாபமில்லை; கொசு கடிக்க நாள் வேண்டும். சில ஆண்டுகளில் சற்று மெதுவாகக் கொல்லும் வகைகளே மேலோங்கின.

• முயலும் சும்மா இல்லை. ஒரே வகை வைரஸுக்குச் சாகும் விகிதம், ஏழு கொள்ளைநோய் அலைகளுக்குள் ஏறக்குறைய 90 விழுக்காட்டிலிருந்து 25க்கு இறங்கியது.

• பிறகு வைரஸ் மறுபடி கடுமையானது. ஒட்டுண்ணி காலப்போக்கில் ‘நல்லவன்’ ஆகிவிடும் என்பது நம்பிக்கை மட்டுமே. தன் பரவலுக்கு எது வசதியோ அதில்தான் நிற்கும்.

கணவாய் வழியே வரும் வாடல்

மெதுவாகக் கொல்வது எவ்வளவு வசதியான உத்தி என்பதற்குத் தென்காசிக்காரர்களுக்கு முயல் வரை போக வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத்தான் குற்றாலத்துக்குச் சாரல் வருகிறது. அதே பக்கத்திலிருந்துதான் கேரள வேர்வாடல் நோயும்.

1882இல் கோட்டயத்தின் ஈராட்டுப்பேட்டை வட்டாரத்தில், ஒரு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு முதலில் பதிவானது இந்த நோய். நூறு ஆண்டுகள் எதனால் வருகிறது என்றே தெரியாமல் பூஞ்சை, நுண்புழு, மண்ணின் சத்துக்குறைவு என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டார்கள். 1980களில்தான் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் குற்றவாளி அகப்பட்டது: ஃபைட்டோபிளாஸ்மா. செல்சுவர்கூட இல்லாத பாக்டீரியா. மரத்தின் சர்க்கரை ஓடும் குழாய்க்குள்ளும் அதை உறிஞ்சும் பூச்சியின் உடலுக்குள்ளும் தவிர வேறெங்கும் வாழாது. வேண்டியதெல்லாம் வீட்டுக்காரரிடமே கிடைப்பதால், தானே தயாரித்துக்கொள்ளும் ஆற்றலையெல்லாம் பரிணாமத்தில் ஒவ்வொன்றாக உதறிவிட்டது. மற்ற பாக்டீரியாக்கள் சக்தி தயாரிக்கப் பயன்படுத்தும் முக்கிய மரபணுக்கள்கூட அதனிடம் இல்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்ப்பதும் அதனால் பெரும்பாடு.

அறிகுறி தோப்புக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். ஓலை விறைப்பு இழந்து விலா எலும்பாக உள்வளையும். அடிமட்டைகள் மஞ்சளாகும். குருத்து சிறுக்கும், பாளை கருகும், காய் குறையும். மரம் மட்டும் சாகாது. பத்து, இருபது ஆண்டுகூட நிற்கும். அதுதான் பிரச்சினை. செத்த மரத்தை வெட்டிவிடுவார்கள். நாலு காயாவது காய்க்கும் மரத்தை வெட்ட யாருக்கு மனம் வரும்? நிற்கும் ஒவ்வொரு நாளும் கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் அதன் சாறை உறிஞ்சி அடுத்த மரத்துக்குக் கொண்டுபோகின்றன. எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்தலாம். தத்துப்பூச்சியை நிறுத்த முடியாது. கன்னியாகுமரி, தென்காசி, தேனி, கோவை என்று எல்லையோர மாவட்டங்களெல்லாம் இதன் வரைபடத்தில் வந்துவிட்டன. பொள்ளாச்சி வட்டாரத்தில் மரங்களை வெட்டி, நிவாரணம் கேட்டுப் போராடும் நிலை வரை போய்விட்டது.

மருந்து கிடையாது. இருக்கும் ஒரே நம்பிக்கை மரத்திலிருந்தே வருகிறது. நோய் நூறாண்டுக்கு மேல் ஆடிய பகுதிகளில், சுற்றிலும் எல்லாம் வாட நடுவில் ஆரோக்கியமாக நின்ற தென்னைகளைக் காயங்குளம் ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். அவற்றின் வாரிசுகள்தான் கல்பரக்‌ஷா, கல்பஸ்ரீ, கல்பசங்கரா ரகங்கள். நோயோடு நூறாண்டு பழகிய கூட்டத்திலிருந்து தாங்குபவற்றை எடுத்து, பழகாத ஊரில் நடுவது. செங்கோட்டைப் பக்கம் புதுக்கன்று வைப்பவர்கள், நோய் தாக்கிய தோப்பின் ‘நல்ல காய்ப்பு’ மரத்தில் நெற்று எடுப்பதைவிட இந்தக் கன்றுகளைத் தேடுவது நல்லது. பிரச்சினை, தேவைக்கு ஏற்பக் கன்று கிடைப்பதில்லை. தென்னையில் ஒரு தலைமுறைக்கு ஆண்டுகள் வேண்டும், ஃபைட்டோபிளாஸ்மாவுக்கு வேண்டாம்.

குரங்குக்குக் கொடுக்கும் முறுக்கு

சாரல் தொடங்கியதும் குற்றாலத்தில் குரங்குகளுக்கும் சீசன். வாழைப்பழம், முறுக்கு, பஜ்ஜி. புண்ணியம் என்று கொடுப்பவர்கள் பாதி, பறிகொடுப்பவர்கள் மீதி. இதில் வயிற்றுப்புழுக்களின் பங்கு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆனைமலையில் வால்பாறைச் சுற்றுவட்டாரத்துச் சிங்கவால் குரங்குகளின் சாணத்தைச் சோதித்து ஹைதராபாத் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட முடிவு: மனித நடமாட்டம் உள்ள காட்டுத் துண்டுகளில் வாழும் குரங்குகளுக்குக் குடல் ஒட்டுண்ணிச் சுமை அதிகம். காடு துண்டாகும்போது குரங்கு தரைக்கு இறங்குகிறது, குப்பையைக் கிளறுகிறது, ஒரே இடத்தில் கூட்டமாக உட்காருகிறது. புழு முட்டைக்கு இதைவிட வசதி வேண்டாம். காட்டில் நாளெல்லாம் நடந்து தின்னும் குரங்கு, நேற்றைய தன் கழிவை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. படிக்கட்டில் பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் குரங்கால் அது முடியாது.

தொல்லை தாங்காமல் ஊர்க் குரங்குகளைப் பிடித்துக் காட்டில் விடுவது நம் ஊர்களில் வழக்கமான தீர்வு. நாட்டுக் குரங்குகளின் குடல் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்து 2018இல் வந்த இன்னோர் ஆய்வு இதைத்தான் எச்சரித்தது: கண்மூடித்தனமாக இடம்மாற்றினால், ஊரில் சேர்ந்த ஒட்டுண்ணிகளும் காட்டுக்குக் குடிபோகும். அங்கே அவற்றோடு பழகாத கூட்டங்கள் இருக்கின்றன.

பெட்டிச் செய்தி: உலகக் கணக்கு

• அறியப்பட்ட விலங்கினங்களில் சுமார் 40 விழுக்காடு ஒட்டுண்ணி வாழ்க்கை வாழ்பவை.

• கலிஃபோர்னியக் கழிமுகங்களில் எடை போட்டுப் பார்த்தபோது (2008), அங்குள்ள ஒட்டுண்ணிகளின் மொத்த எடை, பறவைகள் போன்ற உச்சி வேட்டையாடிகளின் எடையை விஞ்சியது.

• பருவநிலை மாற்றத்தால் 2070க்குள் ஒட்டுண்ணி வகைகளில் மூன்றில் ஒரு பங்கு வரை அழியக்கூடும் என்கிறது 2017இல் வந்த ஒரு மதிப்பீடு.

நம் ரத்தத்தில் ஒரு கடிகாரம்

மனித உடம்பும் ஒரு தோப்புதான். யானைக்கால் நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரலின் ஆழமான ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருக்கும். நள்ளிரவை ஒட்டித் தோலடி ரத்தத்துக்கு வரும். சாக்கடைக் கொசு கடிக்கும் நேரம் அது. கடிப்பவரின் நேரத்துக்குத் தன் நேரத்தைப் பொருத்திக்கொண்ட புழு இது. ரத்தப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் கதவைத் தட்டியது இதனால்தான். அந்தப் புழுவுக்கும் உள்ளே ஒரு குடித்தனக்காரர்: நாம் குளவியில் பார்த்த அதே வோல்பாக்கியா. இங்கே அது இல்லாமல் புழுவால் குஞ்சு பொரிக்க முடியாது.

தமிழ்நாட்டில் 1996 முதல் கூட்டாக மாத்திரை கொடுக்கும் திட்டம் தொடங்கியது. நோய் பெருமளவு பின்வாங்கிவிட்டது. இதற்கிடையில் சென்னையில் 1,416 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 2010இல் ஒரு சங்கடமான எண்ணைக் கொண்டுவந்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களில் 10.4 விழுக்காட்டினருக்கு யானைக்கால் புழுவின் தடயம் இருந்தது. சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களில் 4.3 மட்டுமே. நீண்டகாலம் உடலில் தங்க வேண்டிய புழு, நம் நோயெதிர்ப்பின் வேகத்தைத் தணித்து வைக்கிறது. அந்தத் தணிப்பின் நிழலில் அழற்சி சார்ந்த வேறு சில நோய்களும் அடங்கியிருக்கலாம் என்பது கருத்து. இரண்டும் சேர்ந்து தென்பட்டன என்பதற்கு மேல் இந்த எண் எதையும் நிரூபிக்காது. குடல் அழற்சிக்குப் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டையையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்த பெரிய சோதனை ஒன்று, பலன் இல்லாமல் 2013இல் நிறுத்தப்பட்டது. ஆகவே யாரும் புழுவைத் திரும்பக் கேட்கவில்லை. புழு சுரக்கும் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று மட்டும் தேடுகிறார்கள்.

முழுதாகத் துரத்திய ஒட்டுண்ணியும் உண்டு. காலில் கொப்புளம் கிளப்பி நூலாக வெளிவரும் நரம்புச்சிலந்திப் புழுவை இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். படிக்கிணற்று நீரில் வாழும் நுண்ணிய நீர்த்தெள்ளு வழியாக வந்தது அது. மாத்திரை இல்லை, தடுப்பூசி இல்லை. கிணற்றில் இறங்குவதை நிறுத்தியும் தண்ணீரைத் துணியில் வடிகட்டியுமே ஒழித்தார்கள். தமிழ்நாட்டில் 1980களில் போனது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996இல் ராஜஸ்தானில். 2000இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது. உலக அளவிலும் சமீப ஆண்டுகளில் மனித நோயாளிகள் ஆண்டுக்கு இருபது பேர்கூட இல்லை. முடிந்த கதை என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, 2012 முதல் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் நாய்களின் காலில் அதே புழு வெளிவரத் தொடங்கியது, அதுவும் நூற்றுக்கணக்கில். மீன்குடலை நாய்க்குப் போடாமல் புதைக்கவும், புழு வந்த நாயைக் கட்டிவைக்கவும் அங்குள்ள கிராமங்களில் இப்போது வெகுமதி கொடுத்துப் பழக்குகிறார்கள்.